நான் காப்பாற்றிய படம்

பயிற்சி எடுத்துவிட்டு, அதைக் காட்டுவதற்கு இடம் கிடைக்காமல் அலைகிறவனைப் போல ஆபத்தான மனிதன் உலகத்தில் இல்லை. துவக்குச் சுடப் பழகியவனைச் சொல்லவில்லை. அவனிடமிருந்து துவக்கையாவது பிடுங்கி வைக்கலாம். முதலுதவி படித்தவன், நெருப்பணைக்கப் பழகியவன், நீச்சல் தெரிந்தவன், இவர்களைத்தான் சொல்கிறேன். யாராவது மயங்கி விழமாட்டார்களா, எங்கேயாவது நெருப்புப் பிடிக்காதா, ஒரு குழந்தை கிணற்றில் விழாதா என்று மிக நல்ல மனத்தோடு காத்துக்கொண்டிருப்பார்கள். கலியாணமாகாத வயதில், உலக யுத்த காலத்துக் கொழும்பில், நான் அப்படிக் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. எங்கள் வீடு என்றால் அத்தானின் வீடு. அக்காவும் அத்தானும் அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னறையை நான் எடுத்திருந்தேன் (வாடகையில்லாமல்). யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கந்தோரில் என்னை ஒருவரும் மதிப்பதில்லை. பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிடுவதற்கு என் பெயரைக்கூட வீணாக்கமாட்டார். மேசையில் பென்சிலால் தட்டுவார். இந்த நிலையில்தான் யுத்தம் எங்கள் பக்கம் வந்து, என்னை ஏ.ஆர்.பி. வார்டன் ஆக்கியது. விமானம் வந்து குண்டு போட்டால் சனங்களைப் பத்திரமாக ஒதுங்கச் செய்கிற வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் ஓர் இரும்புத் தொப்பி, ஒரு விசில், கையில் கட்ட ஒரு பட்டி. தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, பெரிய கிளாக்கர் இப்போது தட்டட்டும் பார்ப்போம் என்று தோன்றியது.

பயிற்சி வகுப்பில் நான் கெட்டிக்காரன். சங்கு ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கிவிட்டது. இதை ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் விளங்கப்படுத்தினேன். சொல்லால் விளங்காதவர்களுக்கு வாயால் ஊதிக் காட்டினேன். நான் ஏறி இறங்கி ஊதும்போது எதிர்வீட்டு நாயும் கூடவே ஊளையிடும். அந்த வீட்டில் இருந்த பென்சன் எடுத்த ஸ்டேசன் மாஸ்டர், "தம்பி, குண்டு விழுந்தாலும் பரவாயில்லை, நீர் ஊதாதையும்" என்று ஒருநாள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் உண்மையாகவே குண்டு விழுந்தது. ஈஸ்டர் ஞாயிறு காலை. என்னுடைய மகத்தான நேரம் வந்தபோது நான் எங்கே இருந்தேன் என்றால், கிணற்றடியில். தலை நிறைய நல்லெண்ணெய், அதற்கு மேல் சீயாக்காய், கண் இரண்டும் மூடியிருந்தன. வானத்தில் இரைச்சல் கேட்டு, வாளியைத் தேடி, கண்ணைக் கழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. ஸ்டேசன் மாஸ்டர் படலையில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இரும்புத் தொப்பியும் ஒரு துவாயும் தவிர என்மீது வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு நகரத்தில் செத்தவர்களை நினைத்தால் இதைச் சிரித்துக்கொண்டு எழுதக்கூடாது. ஆனால் அந்த வயதில் எனக்கு அந்தத் துக்கத்தைவிட, தவறவிட்டேனே என்ற ஏக்கம்தான் பெரிதாக இருந்தது. அடுத்த முறை விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து தொப்பி என்னை விட்டுப் பிரியவில்லை. சாப்பிடும்போது பக்கத்துக் கதிரையில் அது இருக்கும். அத்தான் அதற்கும் ஒரு கோப்பை வைக்கச் சொல்லுவார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு கலியாணம் பேச்சில் வந்தது. பெண்ணின் பெயர் யோகம். அக்கா தன் கலியாணத்துக்கு முன்னால் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அவளும் படிப்பித்தவள். அப்போது கொட்டாஞ்சேனையில் தன் சின்னம்மா வீட்டில் இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வேலை பார்த்தாள். சாதகம் பொருந்திவிட்டது. வாக்குக் கொடுக்கமுன் பொடியனும் பெட்டையும் ஒருக்கால் ஆளையாள் பார்க்கட்டும் என்று இரண்டு பக்கத்தாரும் பெரிய மனது பண்ணினார்கள். எங்கே பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. கோயிலில் பார்த்தால் பூசை முடியுமுன் வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் பார்த்தால் அது பெண் பார்த்ததாகிவிடும். பிறகு சரிவராவிட்டால் பெட்டைக்குக் குறை. எங்கள் ஆட்கள் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடமாக வேண்டும். யோகமே அதற்கு வழி சொல்லியனுப்பினாள். பட வீட்டுக்கு வாருங்கோ.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தைப் பார்த்த மேட்டில், ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று இருந்தது. யாரோ ஒல்லாந்த வியாபாரி கட்டி, பிறகு வெள்ளைக்காரத் துரைமார் இருந்து, கடைசியில் டொக்டர் அந்தோனிப்பிள்ளை என்கிற கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பெரியவரின் கைக்கு வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர். சீமையில் படித்துவிட்டு வந்தபோது மற்றவர்கள் வெள்ளைக்காரப் பழக்கங்களைக் கொண்டுவர, அவர் பெட்டி பெட்டியாகப் படங்களைக் கொண்டுவந்தாராம். பெண்சாதி இறந்த பிறகு பின்பக்கத்து இரண்டு அறைகளைத் தனக்கு வைத்துக்கொண்டு, முன்மண்டபத்தையும் மற்ற அறைகளையும் படங்களுக்கு விட்டுவிட்டார். சனிக்கிழமை பின்னேரங்களில் கதவு திறந்திருக்கும். யாரும் போகலாம். டிக்கெட் கிடையாது.

அக்காவுக்கு நான் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. பட வீடு என்றதும் அவள் பயஸ்கோப் என்று நினைத்து, இடைவேளைக்குத் தின்னக் கச்சான் கடலை வறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் கச்சானோடும் நான் தொப்பியோடும் ஸ்டேசனில் கோச்சி பிடித்துக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்தோம். வழியெல்லாம் அந்தத் தொப்பியை என்ன செய்யப்போகிறாய் என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். பெண் பார்க்கப் போகும்போது யாராவது இரும்புச் சட்டி கொண்டுபோவார்களா என்றாள். எதிரி சனிக்கிழமையென்று பார்த்து வரமாட்டான் என்றேன். உண்மை அதுவல்ல. தொப்பியில்லாமல் என்னைப் பார்த்தால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும்.

அந்த வாரம் முழுக்க மழை பெய்து, அன்று மத்தியானம்தான் வெளித்திருந்தது. யோகம் மாளிகையின் வாசலில் குடையோடு நின்றாள். ஒல்லியான, அமைதியான பெண். என்னைப் பார்த்தாள், பிறகு என் கக்கத்தில் பூசணிக்காய்போல இருந்த தொப்பியைப் பார்த்தாள். குடையை மடக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

டொக்டர் தானே வந்து வரவேற்றார். வெள்ளைச் சேர்ட், சாரம், காலில் செருப்பு. எழுபது வயதிருக்கும். யோகத்தை அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் அடிக்கடி வருகிறவளாம். உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்தது. ஒவ்வொரு சுவரும் ஓர் ஆள் குறுக்கே படுக்கக்கூடிய தடிப்பு. முதிரை மரக் கதவுகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிற உயரத்தில் கூரை, சுவரெல்லாம் பொன் சட்டத்துக்குள் மலைகளும் கப்பல்களும் முகம் சிவந்த துரைசானிமாரும். எங்களைத் தவிர இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நின்றார்கள். கப்பலிலிருந்து இறங்கி ஊர் பார்க்க வந்தவர்கள்.

டொக்டர் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஏதோ சொன்னார். அக்கா எப்போது விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்குவார்கள் என்று முதலில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விஷயம் விளங்கியதும் கச்சானை ஒளித்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். யோகம் கேட்டாள். சிப்பாய்கள், டொக்டர் இடைக்கிடை ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டார்கள். கேட்காதவன் நான் ஒருவன்தான். எனக்கு அங்கே படம் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை வாசல், எந்தப் பக்கம் ஓடலாம், எந்த மேசை பாரம் தாங்கும் என்பவைதான் தெரிந்தன. மண் வாளி ஒன்றுகூட இல்லை. யன்னல் கண்ணாடிகளில், வெடித்தால் சிதறாமலிருக்கக் கடதாசி ஒட்டவில்லை. இதை நான் டொக்டரிடம் குற்றப்பத்திரம் வாசிக்கிற தொனியில் சொன்னேன். (யோகத்துக்குக் கேட்கவேண்டுமே.)

"ஒட்டினா வெளிச்சம் வராது, தம்பி" என்றார் அவர். "வெளிச்சம் வராட்டி படம் எதுக்கு?"

படங்களைக் கண்டிப் பக்கம் அனுப்பியிருக்கலாமே என்று விடாமல் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பெரிய படங்களைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். அப்போது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில், மாமரத்துக்கு அப்பால், ஒரு பதுங்குகுழி. நல்ல நீளம், தென்னோலைக் கிடுகு போட்டு மூடியிருந்தது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே பொருள் அதுதான்.

உள்ளறைக்குப் போகிற வாசலின் பக்கத்தில், தனியாக, ஒரு சிறிய படம் தொங்கியது. அதற்கு முன்னால் பச்சைத் துணியில் ஒரு திரை. டொக்டர் அங்கே போனதும் நடை தானாக மெதுவானது. யோகமும் அக்காவும் அவர் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. மண்டபத்து நடுவில் இருந்த பெரிய மேசைக்குக் கீழே புகுந்து, அதன் கால்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரையை விலக்கியதையும் திரும்ப மூடியதையும் மேசைக்கு அடியிலிருந்து பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை, நான் இருந்த இடத்திலிருந்து அவர்களுடைய முதுகுகள்தான் தெரிந்தன. நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது டொக்டர் தேத்தண்ணீருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குசினிப் பக்கம் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் பிறந்த குழந்தைக்கும் துறைமுகத்துக் கப்பல் சங்கு தெரியும். அவர்கள் அதைக் கேட்டு நேரம் பார்ப்பார்கள், உலை வைப்பார்கள். வெள்ளவத்தையான் எனக்கு, ஆபத்துச் சங்கை விட்டால், தெரிந்த சங்கு இரண்டுதான், கோச்சியுடையதும் ஆலையுடையதும். அன்று இரண்டு கப்பல்கள், ஒன்று தடித்த குரலிலும் மற்றது கீச்சுக் குரலிலும், ஒன்று விட ஒன்று பிடித்து ஊதின. என் காதில் அது ஏறி இறங்கியது. சத்தியமாக ஏறி இறங்கியது.

நான் ஒரு நொடியும் தயங்கவில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். தொப்பியைப் போட்டேன். விசிலை வாயில் வைத்து, அந்த உயரமான மண்டபம் அதிர ஊதினேன். எல்லாரும் மேசைக்குக் கீழே போகும்படி தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரண்டு சிப்பாய்களும் அந்த நொடியே நிலத்தில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார்கள். பாவம், எங்கேயோ மெய்யான சண்டையில் பழகிய உடம்புகள். அவர்கள் படுத்ததைக் கண்டதும் எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. அக்காவைப் பிடித்து மேசைக்குக் கீழே தள்ளினேன். பொட்டலம் அவிழ்ந்து கச்சான் நாலு பக்கமும் உருண்டது.

யோகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "அது..." என்று தொடங்கினாள். நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். திரும்பவும், "இல்லை, அது கப்..." என்றாள். கதைக்க நேரமில்லை, கீழே போங்கோ என்றேன். வாழ்க்கையில் அவளுக்கு நான் சொன்ன முதல் வசனம் அது. மூன்றாம் தரம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் முட்டாள் பிள்ளைகளிடம் அவள் காட்டுகிற பொறுமை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மனிதர் பத்திரம். இனிச் சொத்து. ஒரு வார்டன் இரண்டையும் பார்க்கவேண்டும். ஆனால் அவ்வளவு படத்தில் எதை எடுப்பது? அந்த நெருக்கடியிலும் என் மூளை வேலை செய்தது (வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்). சுவரெல்லாம் திறந்து கிடக்கிற படங்களுக்கு நடுவில் ஒன்றுக்கு மட்டும் திரை. விலைமதிப்பில்லாததைத்தானே மனிதன் மூடி வைப்பான். ஓடிப்போய்ப் பச்சைத் திரையோடு சேர்த்து அதைச் சுவரிலிருந்து கழற்றினேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தையைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, பதுங்குகுழிக்கு மேலே பாய்ந்தேன்.

கிடுகு என்னைத் தாங்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வாரத்து மழை இருந்தது.

நெஞ்சளவு தண்ணீர். கலங்கிய, மஞ்சள் தண்ணீர். அந்த நேரத்தில் நான் ஒரு கோழையாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கோழை படத்தைக் கரையில் எறிந்துவிட்டுத் தன்னைப் பார்த்திருப்பான். சாதாரண புத்தியுள்ளவன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பான். நான் பயிற்சி பெற்றவன். குழிக்குள் இறங்கியதும் குனி, தலையைத் தாழ்த்து, காக்கவேண்டிய பொருளை உடம்பால் மூடு. வகுப்பில் சொல்லித்தந்தபடி செய்தேன். கழுத்து வரைக்கும் குனிந்து, படத்தை வயிற்றோடு அணைத்து, என் உடம்பால் மூடி, தண்ணீருக்குள்ளே அதைக் காப்பாற்றினேன். நெடுநேரம் காப்பாற்றினேன். குண்டு விழவில்லை. ஒரு தவளை என் தோளில் ஏறி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.

பிறகு மறுபடி சங்கு. இந்த முறை ஒரு கப்பல்தான் போலிருக்கிறது, ஒரே சீராக, நீளமாக ஊதியது. ஆபத்து நீங்கியது. நான் நிமிர்ந்து, படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் மண்ணைப் பற்றி வெளியே ஏறினேன். தலையில் தொப்பி, தொப்பியில் கிடுகு, உடம்பு முழுக்க மஞ்சள் சேறு. விறாந்தையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிப்பாய்களுக்கு யோகம் விஷயத்தை விளக்கியிருக்கவேண்டும். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான், மற்றவன் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சலூட் அடித்தான். அதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டு திருப்பிச் சலூட் அடித்தேன்.

டொக்டர் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்த வேலைக்காரருக்குப் பின்னால் நின்றார். அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. படியிறங்கி வந்து என் கையிலிருந்ததை வாங்கினார். ஈரத்தில் ஊறிய பச்சைத் துணியை மெல்ல உரித்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பார்த்தது அதை மட்டும்தான். நீலம் மாதிரி ஒன்று, மண்ணிறம் மாதிரி ஒன்று, எல்லாம் மூலையை நோக்கி வழிந்து ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன. தண்ணீரில் கரைத்த வர்ணத்தால் கடதாசியில் வரைகிற படங்களும் உண்டு, அவை வெயிலில் வெளிறாமலிருக்கத் திரை போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கலாம். மேசைக்கு அடியில் புகாமல் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் காது கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் அதை உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தார். நான் பயிற்சிக்காக அசைத்துப் பார்த்த அதே மேசை. பேனாக்கத்தியால் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, கடதாசியை வெளியே எடுத்தார். கைலேஞ்சியை எடுத்து ஒரு மூலையை ஒற்றினார். கைலேஞ்சியில் நிறம் வந்தது. கடதாசியில் இருந்தது போனது. இன்னொரு தரம் ஒற்றப் போனவர் நிறுத்திக்கொண்டார். கைலேஞ்சியை நாலாக மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார். சிப்பாய்கள் தொப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

என் நிலைமை அப்போதுதான் எனக்கு உறைக்கத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். சேற்றுத் தண்ணீர்தான் உதட்டில் வடிந்தது. டொக்டர் வேலைக்காரரைக் கூப்பிட்டு, என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் குளிக்கவிட்டு, தன்னுடைய சாரமும் சேர்ட்டும் கொடுக்கச் சொன்னார். சளி பிடிக்கும், தலையை நல்லாய்த் துவட்டச் சொல்லு என்றும் சொன்னார். அவர் என்னை ஏசியிருந்தால், அல்லது போலீசைக் கூப்பிட்டிருந்தால், நான் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவருடைய சேர்ட்டில், அவருடைய கதிரையில், அவருடைய தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா நிலத்தில் கிடந்த கச்சானைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்; அவளுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. டொக்டர் என் எதிரே வந்து இருந்தார்.

"ஒண்டு கேக்கலாமா, தம்பி? இவ்வளவு பெரிய படமெல்லாம் இருக்க, ஏன் இத எடுத்தீங்க?"

"திரை போட்டிருந்தது, ஐயா. இதுதான் ஆகப் பெறுமதி எண்டு நினைச்சனான்."

அவர் கொஞ்ச நேரம் அந்த வெறுஞ்சுவரைப் பார்த்தார்.

"சரியாத்தான் நினைச்சிருக்கீங்க" என்றார். பிறகு, தேத்தண்ணீர் ஆறுது, குடியுங்க என்றார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் யோகம் கூட வந்தாள். சேறு பிடித்த உடுப்பும் சப்பாத்தும் தொப்பியும் ஒரு சாக்குப் பையில் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு, டொக்டரின் சாரத்தில், வெறுங்காலோடு நான் நடந்தேன். வழியில் அவள்தான் மெதுவாகச் சொன்னாள். மண்டபத்தில் தொங்குகிற பெரிய படங்கள் எல்லாம் நகல்கள். சீமையில் படிக்கிற காலத்தில், பெயர்போன படங்களைப் பார்த்து வரைகிறவர்களிடம் ஆசைக்கு வாங்கியவை. அதைத்தான் டொக்டர் சிரித்துக்கொண்டு சொன்னாராம், குண்டு விழுந்தால் இவற்றுக்காக ஒருவரும் அழத் தேவையில்லை என்று. திரைக்குப் பின்னால் இருந்தது அவருடைய பெண்சாதி வரைந்தது. அந்த அம்மா நிறைய வரைந்தவராம்; தனக்குத் திருப்தியில்லாததையெல்லாம் கிழித்துப்போடுவாராம். கடைசி வருத்தத்தில் படுக்கையில் கிடந்தபோது வரைந்த ஒன்றைக் கிழிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அக்கா ரோட்டென்றும் பாராமல் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகிற உரிமைகூட இல்லை என்று தோன்றியது.

கலியாணப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அத்தான், சாதகக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவோமா என்றே கேட்டுவிட்டார். ஆனால் யோகம் சம்மதம் சொல்லியனுப்பினாள். ஏனென்று கலியாணத்துக்குப் பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "அண்டைக்கு அந்தச் சாரத்தோட நீங்கள் பஸ்ஸில ஏறினதைப் பார்த்தன். உங்களைத் தனிய விட ஏலாது எண்டு விளங்கிச்சுது" என்பாள். இதைப் பாராட்டு என்று நான் வைத்திருக்கிறேன்.

டொக்டரின் உடுப்பைத் தோய்த்து, அயர்ன் பண்ணி வைத்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வாசல் வரைக்கும் போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே யாரோ கதைக்கிற சத்தம் கேட்டது. என்னால் அந்தப் படி ஏற முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். கடைசியில் யோகத்திடம் கொடுத்தனுப்பினேன். தம்பிக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லையே என்று அவர் கேட்டாராம். குழியில் இனி மீன் வளர்க்கலாம் போலிருக்கிறது, வந்து பார்க்கச் சொல் என்றும் சொன்னாராம். போவோம் போவோம் என்று நாள் கடத்தினேன். அதற்குள் பட்டாளத்துக்கு இடம் வேண்டுமென்று அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். டொக்டர் வத்தளையில் தன் சகோதரி வீட்டுக்குப் போனார். யுத்தம் முடியுமுன் அங்கேயே காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்கும் யோகம்தான் போனாள். எனக்கு அன்று கந்தோரில் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போதும் நாங்கள் வெள்ளவத்தையில்தான் இருக்கிறோம். கடற்கரையோரம் கோச்சி ஊதிக்கொண்டு போகும்போதெல்லாம், வீட்டில் யாராவது ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, படம்" என்பார்கள். மூத்த மகள் தொடங்கியது. இப்போது பேரனும் சொல்கிறான், என்ன ஏதென்று தெரியாமலே. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு மருமகனுக்கும் யோகம் கதையை முழுக்கச் சொல்லுவாள். மேசைக்குக் கீழே அக்காவைத் தள்ளியது, தவளை, திருப்பி அடித்த சலூட், ஒன்றையும் விடமாட்டாள். நன்றாகச் சொல்லுவாள், நானே சிரித்து இருமியிருக்கிறேன். சலூட்டோடு கதையை முடித்துவிடுவாள். அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் சேற்றோடு வெளியே ஏறினேன், எல்லாரும் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

போன கிழமை சின்ன மருமகன், கதை முடிந்து எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அது என்ன படம் மாமா என்று என்னிடம் கேட்டான். நான் பார்க்கவில்லை என்றேன். அவன் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

"நான் பார்த்தனான்" என்றாள் யோகம். "இந்த உயரத்தில, படுத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி, ஒரு கதவு. கதவுக்கு அங்கால விறாந்தை. ஒராள் கதிரையில இருந்து பேப்பர் வாசிக்கிறார். பின்பக்கம்தான் தெரியுது. காலை வெயில்."

"அவ்வளவுதானா?" என்றான் மருமகன்.

"அவ்வளவுதான்" என்றாள். கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.